இங்கிலாந்து முன்னோரைத் தேடுவது: பிறப்புப் பதிவும் சென்சஸும் யாருக்கு, எப்படிக் கிடைக்கும்?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1837 ஜூலை 1 முதல் அரசு பதிவு செய்த எந்தப் பிறப்பு, திருமணம், இறப்புக்கும் யார் வேண்டுமானாலும் பணம் கட்டிச் சான்றிதழ் வாங்கலாம். உறவை நிரூபிக்க வேண்டாம். வாரிசுச் சான்று வேண்டாம். அந்த நாட்டுக் குடிமகனாக இருக்கவும் வேண்டாம். பெரம்பூரிலோ போத்தனூரிலோ இருந்தபடியே விண்ணப்பிக்கலாம். கடந்த 50 ஆண்டுகளுக்குள் நடந்த பிறப்பாக இருந்தால் மட்டும் சரியான தேதி, பெற்றோர் பெயர் போன்ற விவரங்களைக் கூடுதலாகக் கேட்பார்கள். ஸ்காட்லாந்துக்குப் பதிவு தனி. அங்கே 1855-இல்தான் தொடங்கியது.

சென்சஸுக்கு விதி வேறு. எண்ணிக்கைகளை உடனே வெளியிடுவார்கள். பெயரும் வீடும் உள்ள தாள்கள் 100 ஆண்டுகள் மூடியிருக்கும். இப்போது நாம் பார்க்கக்கூடிய கடைசி சென்சஸ் 1921-ஆம் ஆண்டுடையது. அது 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது.

இந்த இரண்டில் ஒன்றை மட்டும் நம்பித் தேடுபவர்கள் பெரும்பாலும் வேறொருவர் குடும்பத்தைத் தங்கள் குடும்பமாக எழுதிவைத்துவிடுகிறார்கள். பிறப்புப் பட்டியல், அதாவது பதிவான பிறப்புகளின் பெயர் வரிசை, ஒரு பெயரைத் தரும். அந்தப் பெயர் நம் ஆள்தானா என்று சென்சஸ்தான் சொல்லும். இதை முதலிலேயே மனதில் வாங்கிக்கொண்டால் பணமும் மிஞ்சும், மனக்கசப்பும் இருக்காது.

தேடலைத் தெரிந்த ஆளிலிருந்து பின்னோக்கித் தொடங்குங்கள். பாட்டியின் ஜெப புத்தகத்தில் எழுதியுள்ள தேதி, கல்லறைக் கல், பழைய கல்யாணச் சான்றிதழ் என்று வீட்டில் இருப்பதை எல்லாம் முதலில் எடுத்து வையுங்கள். ஒருவருடைய கல்யாணச் சான்றிதழில் அவர் வயதும், தந்தையின் பெயரும் தொழிலும் இருக்கும். அதிலிருந்து பிறந்த ஆண்டைக் கணக்கிட்டுப் பிறப்புப் பதிவுக்குப் போகலாம். பிறப்புச் சான்றிதழில் தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர் இருக்கும். அதை வைத்துப் பெற்றோரின் கல்யாணத்துக்குப் போகலாம். இப்படித்தான் ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். (திருமணப் பதிவில் தாய்மாரின் பெயரையும் சேர்த்தது 2021 மே 4 முதல்தான். அதற்கு முன் மணமக்களின் தந்தையர் பெயர் மட்டுமே.)

பிறப்புப் பட்டியலை இணையத்தில் இரண்டு இடங்களில் இலவசமாகப் பார்க்கலாம். ஒன்று, தன்னார்வலர்கள் எழுதிச் சேர்த்த 'ஃபிரீ பி.எம்.டி.' தளம். மற்றொன்று, சான்றிதழ்களைத் தரும் பொதுப் பதிவாளர் அலுவலகத்தின் சொந்தத் தளம். அதில் கணக்குத் திறக்கப் பணம் இல்லை. பழைய அச்சுப் பட்டியலில் தாயின் பிறந்த வீட்டுப் பெயர் 1911-இன் மூன்றாம் காலாண்டிலிருந்துதான் இருக்கிறது. அலுவலகத்தின் புதிய இணையப் பட்டியலில் 1837 முதலே அதைச் சேர்த்திருக்கிறார்கள். ஒரே பெயரில் பத்துப் பேர் இருக்கும்போது நம் ஆளைப் பிரித்துக் காட்டுவது இந்த ஒரு விவரம்தான்.

பட்டியல் காலாண்டு வாரியாக இருக்கும். குழந்தை பிறந்த நாளை வைத்து அல்ல, பதிவு செய்த நாளை வைத்துத்தான் பெயர் சேரும். பதிவு செய்ய 42 நாள் அவகாசம் உண்டு. ஆகவே டிசம்பரில் பிறந்த குழந்தையை அடுத்த ஆண்டின் மார்ச் காலாண்டிலும் தேடிப் பாருங்கள். பட்டியலில் வரும் ஊர் பதிவு மாவட்டத்தின் பெயர். பிறந்த கிராமம் அதற்குள் எங்கோ இருக்கும்.

1837-இலேயே தொடங்கினாலும் எல்லாக் குழந்தையும் பதிவாகிவிடவில்லை. பதிவாளர்தான் தேடிப் போய் எழுத வேண்டும் என்ற நிலை முதலில் இருந்தது. 1875 முதல்தான் பெற்றோர் மீது பொறுப்பும் தவறினால் அபராதமும் வந்தன. அதற்கு முந்தைய ஒருவர் பட்டியலில் இல்லையென்றால் அவர் இங்கிலாந்தில் பிறக்கவில்லை என்று முடிவுகட்டாதீர்கள்.

2024 ஏப்ரலில் நிர்ணயித்த கட்டணப்படி அச்சுச் சான்றிதழ் 12.50 பவுண்டு. பழைய பதிவுகளுக்கு பி.டி.எஃப். நகல் 8 பவுண்டு, 100 ஆண்டு கடந்த பிறப்புகளுக்குப் பதிவேட்டுப் பக்கத்தின் படம் 3 பவுண்டு. குடும்ப வரலாற்றுக்குப் படமே போதும். கையில் வந்ததும் தந்தையின் பெயர் உள்ள கட்டத்தைப் பாருங்கள். அது வெறுமையாக இருந்தால் பெற்றோர் கல்யாணம் செய்யாதவர்கள் என்று பெரும்பாலும் பொருள். பிறந்த நேரமும் எழுதியிருந்தால் இரட்டைக் குழந்தைகளாக இருக்கலாம். அதே நாளில் பிறந்த இன்னொரு பெயரைத் தேடுங்கள்.

இனி சென்சஸ். 1801-இலிருந்து பத்தாண்டுக்கு ஒருமுறை எடுத்தாலும், நாடு முழுவதும் பெயர்களோடு கிடைப்பது 1841 முதல். அந்த முதல் பதிவு கொஞ்சம் ஏமாற்றும். 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொன்னார்கள். 34 வயதுக்காரர் 30 ஆகிவிடுவார். வீட்டில் யார் யாருக்கு என்ன உறவு என்பதும் இல்லை. 1851-இலிருந்துதான் உறவு, வயது, பிறந்த ஊர் எல்லாம் வருகின்றன. பிறந்த ஊர் தெரிந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

ஒரு வீட்டின் பக்கத்தைத் திறந்தால் வேலைக்காரி, விருந்தாளி, வாடகைக்குத் தங்கியவர் வரை எல்லோரையும் வாசியுங்கள். கணவனின் மாமியார் அந்த வீட்டில் இருந்தால், அவர் மறுமணம் செய்யாதவராக இருக்கும்பட்சத்தில் அவர் குடும்பப் பெயர்தான் மனைவியின் பிறந்த வீட்டுப் பெயர். அந்த ஓர் இரவு யார் எங்கே தூங்கினார்கள் என்பதே கணக்கு என்பதால், அன்று கடலில் இருந்த மாலுமியும் சென்னையில் இருந்த சிப்பாயும் வீட்டுப் பக்கத்தில் இருக்க மாட்டார்கள். 1911 ஏப்ரல் 2 இரவு, பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடிய எமிலி டேவிசன் நாடாளுமன்றக் கட்டடத்தில் ஓர் அலமாரிக்குள் ஒளிந்திருந்தார். அவர் பெயர் அங்கேயும் பதிவானது, அவர் குடியிருந்த வீட்டிலும் பதிவானது.

அந்த 1911 சென்சஸை நான் எல்லாவற்றுக்கும் மேலாக மதிக்கிறேன். முந்தைய ஆண்டுகளில் நமக்குக் கிடைப்பது கணக்கெடுப்பாளர் படியெடுத்த புத்தகம். 1911-இல் குடும்பத் தலைவர் தம் கையால் நிரப்பிய தாளே இருக்கிறது. கல்யாணமாகி எத்தனை ஆண்டு, உயிரோடு பிறந்த பிள்ளைகள் எத்தனை, இருப்பவர்கள் எத்தனை, இறந்தவர்கள் எத்தனை என்று மணமான பெண்ணிடம் கேட்டார்கள். விதவைகளும் புரியாமல் பதில் எழுதினார்கள். அதிகாரிகள் அதை அடித்தார்கள். அடித்த கோட்டுக்குக் கீழே எண்ணைப் படிக்க முடியும். 'பிறந்தது ஒன்பது, இருப்பது ஐந்து' என்று வாசிக்கும்போது, குடும்பத்தில் யாரும் பெயர் சொல்லாத நான்கு குழந்தைகள் அங்கே இருக்கிறார்கள். குடும்பப் பெயரையும் தாயின் பிறந்த வீட்டுப் பெயரையும் சேர்த்துப் பிறப்புப் பட்டியலில் போட்டுத் தேடினால் அவர்கள் பெயர்கள் கிடைக்கும். இறப்புப் பட்டியலில் அவர்கள் வயதும் கிடைக்கும்.

இரண்டு பதிவும் ஏன் வேண்டும் என்பதற்கு சார்லி சாப்ளினே சாட்சி. தாம் 1889 ஏப்ரல் 16-இல் லண்டனில் பிறந்ததாக அவர் சொன்னார். அவருடைய பிறப்புப் பதிவு இன்றுவரை கிடைக்கவில்லை. 1950-களில் அமெரிக்கர்கள் கேட்டுக்கொண்டு பிரிட்டிஷ் உளவுத்துறையே தேடியும் கிடைக்கவில்லை. ஆனால் 1891 சென்சஸில் தெற்கு லண்டனின் வால்வர்த்தில் தாயோடும் அண்ணனோடும் சிறு குழந்தையாக இருக்கிறார்.

பெயரைப் போட்டுத் தேடிக் கிடைக்காவிட்டால் எழுத்துப் பிழையைச் சந்தேகியுங்கள். எழுதத் தெரியாதவர் சொன்னதைக் காதில் விழுந்தபடி எழுதினார்கள். அதை இன்று இன்னொருவர் தப்பாக வாசித்திருக்கலாம். குடும்பப் பெயரை விட்டுவிட்டு முதல் பெயர், பிறந்த ஊர், வயதில் இரண்டு கூடக்குறைய என்று தேடுங்கள். 1881 சென்சஸ் 'ஃபேமிலி சர்ச்' தளத்தில் இலவசம். பிற ஆண்டுகளின் பக்கங்களுக்குக் கட்டணத் தளங்கள் வேண்டும்.

1931 சென்சஸ் 1942 டிசம்பரில் தீயில் அழிந்தது. 1941-இல் போரால் எடுக்கவே இல்லை. அந்த இடைவெளியை ஓரளவு நிரப்புவது 1939 செப்டம்பர் 29-இல் எடுத்த தேசியப் பதிவேடு. அதில் பிறந்த தேதி முழுதாக இருக்கும்.

1837-க்கு முன்னால் தேவாலயப் பதிவேடுகள்தான். அவற்றை வைக்கும்படி ஆணை வந்தது 1538-இல். அவற்றில் இருப்பது ஞானஸ்நானமும் திருமணமும் அடக்கமும். பிறந்த தேதி எல்லா இடத்திலும் இருக்காது.

சென்னை மாகாணத்துக்கு வந்த ஆங்கிலேயரின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கப் பதிவுகளின் படிகள் லண்டனுக்குப் போயின. அவை பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலகப் பதிவுகளில் உள்ளன. நம் ஊர் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் இங்கிலாந்துக்குப் போகும் முன் இங்கேதான் தொடங்க வேண்டும். வந்த முதல் மனிதர் எந்த ஊர்க்காரர் என்பது பல நேரம் இங்கேதான் தெரியவரும்.

விசாவுக்காகத் தேடுபவர்களுக்கு ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். காமன்வெல்த் நாட்டுக் குடிமக்களுக்கான பிரிட்டிஷ் வம்சாவளி விசாவுக்கு, தாத்தா பாட்டி நால்வரில் ஒருவர் பிரிட்டனில் பிறந்திருக்க வேண்டும். கொள்ளுத்தாத்தா போதாது. 1880-களில் ரயில்வே வேலைக்கு வந்தவரின் பேரப்பிள்ளைகளுக்குப் பிறந்தவர்கள் எவ்வளவு சான்றிதழ் சேர்த்தாலும் அவர் வழியாக அது கிடைக்காது. தகுதி இருப்பவர்கள் தமக்கும், தாய் அல்லது தந்தைக்கும், அந்தத் தாத்தா அல்லது பாட்டிக்கும் முழுப் பிறப்புச் சான்றிதழ் காட்ட வேண்டும். இங்கிலாந்தில் பெற்றோர் பெயர் இல்லாத சுருக்கச் சான்றிதழும் உண்டு. அதை வைத்து விண்ணப்பிக்காதீர்கள்.