'குளித்துறை' என்று சொன்ன என் குரல்

தக்கலையிலிருந்து சித்தி போன் செய்தாள். "மக்களே, நீ இப்போ வட்டிக்குக் கொடுக்கவனுவளுக்குமா பேசிட்டிருக்க?" எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு அவள் வாட்ஸப்பில் அனுப்பிய வீடியோவைக் கேட்டேன். ஒரு கடன் நிறுவனத்தின் விளம்பரம். குரல் என்னுடையதேதான், மூச்சு வாங்கும் இடம்கூட என்னுடையது. கிளை இருக்கும் ஊர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்த அந்தக் குரல், குழித்துறையை 'குளித்துறை' என்றது. அங்கேதான் எனக்கு உறைத்தது: இது நான் பேசியதல்ல, என் குரலை நகலெடுத்துக் கணினி பேசுகிறது. மலையாளத்துக்குப் பக்கத்தில் வளர்ந்த நாக்கு இது. வேறு எது தவறினாலும் ழகரம் தவறாது.

யோசித்துப் பார்த்தால் பிழை என்னுடையதும்தான். நான்கு வருடத்துக்கு முன் ஒரு நிறுவனம் 1,500 வாக்கியங்களைப் படித்துத் தரச் சொன்னது. தொடர்பே இல்லாத வாக்கியங்கள்: ரயில் நேரம், மழைச் செய்தி, எண்கள். மூன்று நாள் வேலை, உடனே பணம். ஒப்பந்தம் ஆங்கிலத்தில் ஆறு பக்கம். கடைசிப் பக்கத்தில் கையெழுத்து மட்டும் போட்டேன். இப்போது கேட்டு எழுதினால், நாலாம் பக்கத்தைப் படிக்கச் சொல்லி ஒரு வரி பதில். எந்த ஊடகத்திலும், எந்தத் தொழில்நுட்பத்திலும், எக்காலமும் பயன்படுத்தலாம் என்று நானே ஒப்புக்கொடுத்திருக்கிறேன்.

குரல் தொழிலுக்கு வரலாமா என்று என்னிடம் கேட்கும் பிள்ளைகளுக்கு, மைக் வாங்குவதைச் சொல்லும் முன் இந்தக் கதையைத்தான் சொல்கிறேன்.

நான் தொடங்கியது கோணத்தில் இருக்கும் நாகர்கோவில் வானொலி நிலையத்தில், தற்காலிக அறிவிப்பாளராக. 1984 முதல் ஒலிபரப்பும் நிலையம் அது. எழுத்துத் தேர்வு, பிறகு குரல் தேர்வு. மைக்குக்கு ஒரு சாண் தள்ளி உட்காரவும், 'ப' வரும்போது காற்று நேராக மைக்கில் அடிக்காமல் முகத்தை லேசாகத் திருப்பவும் அங்கே படித்தேன். சினிமா டப்பிங் என்றால் இன்றைக்கும் சென்னைதான். வாடகை, யூனியன் கார்டு, ஸ்டுடியோ வாசலில் காத்திருப்பு எல்லாம் சேர்ந்ததுதான் அந்த வேலை. ஒலிப்புத்தகம், பாட வீடியோ, போனில் 'எண் ஒன்றை அழுத்தவும்' மாதிரி வேலைகளை மார்த்தாண்டத்தில் ஒரு அறையிலிருந்தே செய்யலாம்.

அந்த அறைதான் நம் ஊரில் பெரும்பாடு. ஒலிப்புத்தகத் தளங்கள் சில, யாரும் பேசாதபோது அறையின் இரைச்சல் மைனஸ் 60 டெசிபலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்கின்றன. கடற்கரையில் காற்று, ரப்பர் தோட்டத்துப் பக்கம் சீவீடு என்கிற சில்வண்டு, கோயில் கொடையோ சர்ச் திருவிழாவோ வந்தால் பத்து நாளைக்கு மைக் செட். இடவப்பாதி, துலாம் என்று தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் நமக்கு உண்டு. ஓட்டுக்கூரையில் ஒரு தூறல் விழுந்தால் ரெக்கார்டிங் முடிந்தது. என் ஸ்டுடியோ, சேலைகள் தொங்கும் பீரோவுக்கும் சுவரில் சாய்த்த பஞ்சு மெத்தைக்கும் நடுவே இருக்கும் மூலை. மைக்கை சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் மூடி வைப்பேன். ஈரம் ஏறினால் கண்டன்சர் மைக்கில் பொரிகிற மாதிரி சத்தம் வரும்.

பேச்சு விஷயத்தில் ஒன்று. 'நாகர்கோவில் தமிழ்' வேண்டும் என்று கேட்டு வருகிறவர்களுக்கு அது ஒரே தமிழ் என்று நினைப்பு. குளச்சல் கடற்கரைப் பேச்சு வேறு, நாஞ்சில் நாட்டுப் பேச்சு வேறு, விளவங்கோட்டுப் பேச்சு வேறு. மூன்றும் வாயில் வந்தால் வேலை கேட்டு அனுப்பும் மாதிரிப் பதிவான டெமோவில் மூன்றையும் தனித்தனியாக வையுங்கள். பள்ளிக்கூடத்தில் அடித்துத் திருத்திய பேச்சுக்கு இன்றைக்குக் கூலி கிடைக்கிறது!

இனி ஒப்பந்தம். எதற்கு, எந்த ஊடகத்தில், எத்தனை மாதத்துக்கு என்று மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். செயற்கை நுண்ணறிவுக்குப் பயிற்சி கொடுக்க என்றால் அது தனி அனுமதி, தனிக் கூலி. மனசாட்சியோடு செய்ய வழி இல்லாமலில்லை. 2024-ல் ஏ.ஆர்.ரகுமான், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் அப்படி ஒரு பாட்டில் கொண்டுவந்தபோது, குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி ஊதியமும் கொடுத்ததாகச் சொன்னார். அதே வருடம் ஜூலையில் பாடகர் அரிஜித் சிங், தன் குரலை நகலெடுக்கும் கருவிகளுக்கு எதிராக பம்பாய் உயர் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை வாங்கினார். 1957-ன் பதிப்புரிமைச் சட்டத்தில், பாடுகிறவர், நடிக்கிறவர் போன்றோருக்குத் தங்கள் நிகழ்ச்சியின் மீது நிகழ்த்துநர் உரிமை என்று ஒன்று 50 வருடத்துக்கு உண்டு. ஆனால் என்னைப் போல் எழுதிக் கொடுத்துவிட்டு வக்கீலைப் பார்த்தால், அவரும் முதலில் அந்த நாலாம் பக்கத்தைத்தான் புரட்டுவார்.

'சாம்பிள்' என்று மூன்று பக்கம் கேட்டால் முப்பது விநாடி போதும். அதையும் அப்படியே எடுத்துப் பயன்படுத்திவிடாதபடி, பின்னணியில் மெல்லிய இசை ஓட விட்டு அனுப்புங்கள். வேலை தரப் பதிவுக் கட்டணம் கேட்டால் அது வேலையே இல்லை. பணம் போய்விட்டதா, தயங்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

போன மாதம் குளச்சலிலிருந்து ஒரு பெண் வந்தாள். நல்ல அடிக்குரல். இரண்டாயிரம் வாக்கியம் படிக்க அவளுக்கும் ஒரு அழைப்பு. "அக்கா, நல்ல ரூபா சொல்லுகாவ" என்றாள். போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குரலை எதற்குப் பயன்படுத்துவீர்கள், எத்தனை வருடத்துக்கு, யாருக்கெல்லாம் கொடுப்பீர்கள் என்று மூன்று வரி மின்னஞ்சல் மட்டும் இருவரும் சேர்ந்து எழுதினோம். தினமும் காலையில் 'இன்னும் பதில் வரல்லக்கா' என்று அவளிடமிருந்து ஒரு செய்தி வருகிறது.