பேதியில் போவது என்ன? சொரியாசிஸும் பஞ்சகர்மாவும்

விடிந்ததும் வெறும் வயிற்றில் ஒரு சின்ன டம்ளர் நெய். சொரியாசிஸ் என்ற தோல் நோய்க்காகக் கேரளத்து ஆயுர்வேத மருத்துவமனைகளில் தங்கி வந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் முதலில் வருவது இந்த நெய்யின் கதைதான். பெரும்பாலும் அது மகாதிக்தக கிருதமாக இருக்கும். வேம்பு, கொன்றை, ஏழிலைப்பாலை, கடுகுரோகிணி என்று கசப்பான சரக்குகளாகவே சேர்த்துக் காய்ச்சிய நெய். முதல் நாள் 25, 30 மில்லியில் தொடங்கி நாளுக்கு நாள் அளவைக் கூட்டுவார்கள். நன்றாகப் பசிக்கும்வரை வெந்நீர் மட்டும். மூன்று முதல் ஏழு நாளைக்குள் மலத்தில் நெய்ப்பசை தெரியும், தோல் மினுமினுக்கும். அத்துடன் நெய்யை நிறுத்தி, எண்ணெய் தேய்த்து வேது பிடித்து, பிறகு பேதிக்குக் கொடுப்பார்கள். சிலருக்கு அதற்கு முன்பே வாந்தி சிகிச்சையும் உண்டு. பேதி முடிந்ததும் நீர்த்த கஞ்சியில் ஆரம்பித்து மெல்ல மெல்லச் சோற்றுக்குத் திரும்ப வேண்டும்.

பஞ்சகர்மா என்று அழைக்கப்படும் இந்த முறைக்குச் சொல்லப்படும் காரணம், உடம்பில் தேங்கிய நச்சு வெளியேறுகிறது என்பது. எந்த நச்சு, எங்கே தேங்கியிருந்தது என்று கேட்டால் பதில் நழுவிவிடும். அதற்கு முதலில் சொரியாசிஸ் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

தோலின் அடியில் பிறக்கும் ஒரு செல் மேலே ஏறி, செத்து, உதிர ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். சொரியாசிஸ் திட்டில் இந்தப் பயணம் ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடுகிறது. முழுதாக முதிராத செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வெள்ளிச் செதிலாகின்றன. செதிலைச் சுரண்டினால் ஊசிமுனை அளவு ரத்தப்புள்ளிகள் தெரியும். அடியில் உள்ள நுண்குழாய்கள் விரிந்து மேற்பரப்புக்கு மிக அருகே வந்திருப்பதுதான் காரணம்.

இந்த அவசரத்துக்குத் தோல் செல்களே காரணம் என்றுதான் நெடுங்காலம் நினைத்தார்கள். 1979-ல் ஒரு தற்செயல் நடந்தது. உறுப்பு மாற்று சிகிச்சையில் நிராகரிப்பைத் தடுக்கும் சைக்ளோஸ்போரின் மருந்தை மூட்டுவாத நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, அவர்களில் சொரியாசிஸ் இருந்தவர்களின் தோல் தெளிந்தது. அந்த மருந்து அடக்குவது நோய் எதிர்ப்பு மண்டலத்தின் டி செல்களை. அங்கிருந்து துப்புத் துலங்கியது. டி செல்கள் ஐ.எல்-17 போன்ற சமிக்ஞைப் புரதங்களைச் சுரக்கின்றன, அந்தத் தூண்டுதலில் தோல் செல்கள் பெருகுகின்றன, பெருகும் தோல் செல்கள் மேலும் எதிர்ப்பு செல்களை வரவழைக்கின்றன. இந்த வட்டம் தானாக அறுவதில்லை.

இன்னொன்றும் உண்டு. திட்டு மறைந்து தோல் பளபளவென்று ஆன பிறகும், அந்த இடத்தில் சில டி செல்கள் குடியிருந்துகொண்டே இருக்கின்றன. நினைவு டி செல்கள் என்று பெயர். முழங்கையில் போன நோய் அதே முழங்கையில், அதே வட்டத்தில் திரும்ப வருவது இதனால்தான். ஆக இந்த நோயில் தேங்கி நிற்பது ஏதோ அழுக்கு என்பதைவிட, நம் உடம்பின் காவல் செல்கள் வைத்திருக்கும் ஒரு தவறான ஞாபகம் என்பதே பொருந்தும். குடலைக் கழுவி அதை வெளியேற்ற வழியில்லை.

அப்படியானால் பேதியில் போவது என்ன? தண்ணீர், உப்புகள், பித்தநீர், மலம். விளக்கெண்ணெயையே எடுத்துக்கொள்வோம். சிறுகுடலில் அது செரிக்கும்போது ரிசினோலிக் அமிலம் பிரிகிறது. அது குடல் தசையில் உள்ள ஈ.பி.3 என்ற ஏற்பியை, அதாவது செல்லில் சமிக்ஞையை வாங்கும் புரதத்தை, தட்டி எழுப்புகிறது, குடல் சுருங்கித் தள்ளுகிறது. 2012-ல் ஜெர்மனி ஆய்வாளர்கள் இதை எலிகளில் காட்டினார்கள்: அந்த ஏற்பி இல்லாத எலிக்கு விளக்கெண்ணெய் கொடுத்தால் ஒன்றும் ஆகவில்லை. உள்ளே நச்சு இருக்கிறதா இல்லையா என்று குடல் பார்ப்பதில்லை. ஆரோக்கியமானவர் குடித்தாலும் இதே கதிதான். உண்மையான கழிவுகளைக் கல்லீரலும் சிறுநீரகமும் நாள்தோறும் விடுமுறையின்றி அகற்றிக்கொண்டிருக்கின்றன. மலத்தில் நெய் தெரிவதற்கும் பெரிய மர்மம் எதுவுமில்லை. ஒரே மூச்சில் உள்ளே போன கொழுப்பு முழுவதும் உறிஞ்சப்படாமல் மிச்சம் கீழே வந்துவிடுகிறது.

ஆனால் இங்கேயே கடையைக் கட்டிவிட்டு 'எல்லாம் மனப்பிரமை' என்று போவது நியாயமில்லை. சிகிச்சை முடிந்து தோல் தெளிந்து திரும்புபவர்கள் இருக்கிறார்கள். நவீன மருந்துகளின் பரிசோதனைகளில் போலி மருந்து பெற்றவர்களிடையே நோய் முக்கால் பங்கு குறைவது சுமார் 5 சதவீதத்தினருக்குத்தான். நம்பிக்கையால் மட்டும் எளிதில் மசியும் நோயில்லை இது.

அப்போது வேலை செய்வது எது? ஒரு பகுதி, நோயின் சொந்த ஏற்ற இறக்கம். உச்சத்தில் இருக்கும்போதுதான் யாரும் பெட்டியைக் கட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போவார்கள். உச்சத்துக்குப் பிறகு இறக்கம்தானே. இன்னொரு பகுதி எண்ணெய். தினமும் உடம்பு முழுக்க எண்ணெய் தேய்த்தால் செதில் இளகி விழும், தோலின் ஈரம் காக்கப்படும், வெடிப்பும் அரிப்பும் குறையும். சொறிவதே புதுத் திட்டுகளைக் கிளப்பும் என்பதால் அரிப்பு குறைவது சின்ன லாபமில்லை. மூன்றாவது பத்தியம். மது இல்லை, பொரித்தது இல்லை, இரவு வேலை இல்லை. அதிக எடை உள்ளவர்களுக்கு எடை குறைந்தால் சொரியாசிஸும் தணிகிறது என்பது முறையான பரிசோதனைகளில் தெரிந்த விஷயம், ஏனென்றால் கொழுப்புத் திசுவும் அழற்சிப் புரதங்களைச் சுரக்கிறது.

மூலிகைகளுக்குப் பங்கே இல்லையா? என்னைக் கேட்டால், மொத்தக் கதையில் ரசமான இடம் இதுதான். நம் ஊர் வெட்பாலை இலையைக் கிள்ளித் தேங்காயெண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால், எண்ணெய் கருநீலமும் ஊதாவும் கலந்த நிறத்துக்கு மாறும். சொரியாசிஸைக் காளாஞ்சகப்படை என்று அழைக்கும் சித்த மருத்துவர்களுக்கும், கேரள வைத்தியர்களுக்கும் இது பழகிய தைலம். அந்த நிறம் அவுரி தரும் நீலத்தின் உறவு. வெட்பாலை இலையில் இண்டிகோ, இண்டிருபின், டிரிப்டாந்திரின் போன்ற பொருள்கள் இருப்பதைப் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். சீன மருத்துவத்தில் அவுரி வகைச் செடிகளிலிருந்து எடுக்கும் நீலப்பொடியும் சொரியாசிஸுக்குப் பூசப்படுவதே; அதிலும் முக்கியச் சரக்கு இண்டிருபின். தோல் செல்லில் ஏ.எச்.ஆர் என்றொரு ஏற்பி இருக்கிறது. இண்டிருபின் அதில் போய் ஒட்டும், அது அழற்சியைத் தணித்துத் தோல் செல்கள் ஒழுங்காக முதிர உதவும். சொரியாசிஸுக்காக 2022-ல் அமெரிக்கா அனுமதித்த டபினாரோஃப் களிம்பு வேலை செய்வதும் இதே ஏற்பியின் வழியாகத்தான். அந்த மருந்தின் மூலப்பொருள் கிடைத்தது ஒரு பாக்டீரியாவிடமிருந்து.

இதில் நச்சு நீக்கம் எங்கேயும் இல்லை. ஒரு மூலக்கூறு ஓர் ஏற்பியில் போய் ஒட்டுகிறது, அவ்வளவுதான். அது தெரிந்தால்தான் எவ்வளவு பூசலாம், எண்ணெயில் சரக்கு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்றெல்லாம் கேட்கவே முடியும்.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. 'இங்கிலீஷ் மருந்து எல்லாவற்றையும் இன்றோடு நிறுத்துங்கள்' என்ற வாக்கியத்தில். ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் திடீரென நிறுத்தினால் சொரியாசிஸ் சீழ்க்கொப்புளங்களாகவோ, உடம்பு முழுக்கச் சிவந்து உரியும் நிலையாகவோ வெடிக்கலாம். தோல் முழுதும் திறந்த நிலையில் உடல் வெப்பமும் நீரும் புரதமும் கசியும், உயிருக்கே உலை. அப்படிப்பட்டவருக்கு 'நச்சு வெளியேறுகிறது, அதனால்தான் அதிகமாகிறது' என்று யாராவது சொல்லிக்கொண்டிருந்தால் கேட்டுக்கொண்டு உட்காரக் கூடாது, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சிறுநீரகக் கோளாறு, இதய நோய், நீரிழிவு உள்ளவர்கள் பேதிக்கு முன்னால் தங்கள் டாக்டரிடம் பேசியே ஆக வேண்டும். பொட்டாசியம் சரிந்தால் இதயத் துடிப்பு தடுமாறும்.

உலோகம் இன்னொரு தலைவலி. இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேதத் தயாரிப்புகளை வாங்கிச் சோதித்த ஆய்வு 2008-ல் அமெரிக்காவில் வெளியானது. ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றாவது இருந்தது. பஸ்மம் எனப்படும் சுட்டு நீறாக்கிய மருந்து வகைகளில் உலோகம் தெரிந்தே சேர்க்கப்படுகிறது. நச்சை நீக்கப் போய் ஈயத்தோடு திரும்புவது என்ன கணக்கு?

'21 நாளில் நிரந்தரத் தீர்வு' என்ற விளம்பரத்தை மறுக்க நவீன மருத்துவம்கூடத் தேவையில்லை. கேரள வைத்தியர்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடும் வாக்படரின் பழைய ஆயுர்வேத நூலான அஷ்டாங்க ஹிருதயம், குஷ்டம் என்று அது பொதுவாக அழைக்கும் தோல் நோய்களுக்குப் பதினைந்து நாளுக்கொரு முறை வாந்தி, மாதம் ஒரு முறை பேதி, ஆறு மாதத்துக்கொரு முறை ரத்தம் எடுத்தல் என்று அட்டவணையே போடுகிறது. மீன் செதில்போல் உரியும் தோல் நோயைக் கண்ட முன்னோர்களுக்கு அது திரும்பத் திரும்ப வரும் என்பது நன்றாகவே தெரிந்திருக்கிறது. காரணம் சொன்னதில்தான் நாம் இன்று வேறுபடுகிறோம்.

ஆயுர்வேத சிகிச்சையை முறையாகச் சோதிக்க முடியுமா? முடியும். கோயம்புத்தூரில், அமெரிக்கப் பல்கலைக்கழக மருத்துவர்களுடன் சேர்ந்து, 43 மூட்டுவாத நோயாளிகளிடம் நடத்திய பரிசோதனை 2011-ல் வெளியானது. ஒரு குழுவுக்கு ஆயுர்வேத மருந்து, ஒரு குழுவுக்கு மெத்தோட்ரெக்சேட் என்ற நவீன மருந்து, மூன்றாவது குழுவுக்கு இரண்டும். எல்லோருக்கும் மற்றதன் போலி உருவமும் கொடுத்ததால் யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. மூன்று குழுக்களும் ஏறக்குறைய ஒரே அளவு முன்னேறின. சிறிய ஆய்வு, அதை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. சொரியாசிஸுக்கும் கொடுக்கப்படும் அந்த மெத்தோட்ரெக்சேட், எல்லாப்பிரகட சுப்பாராவ் அமெரிக்காவில் நடத்திய ஆய்வுக்கூடத்தில் பிறந்த மருந்து. அங்கே போவதற்கு முன் அவர் சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் பாடம் நடத்தியவர்.

பஞ்சகர்மாவில் மட்டும் ஒரு சிக்கல். கஷாயத்துக்குப் போலி செய்யலாம், சூரணத்துக்கும் செய்யலாம். பேதிக்குப் போலி செய்ய முடியாது. போனவருக்குத் தெரிந்துவிடும். அதனால் கண்ணைக் கட்ட வேண்டியது மதிப்பிடுபவருக்குத்தான். சிகிச்சைக்கு முன்னும், முடிந்து ஆறு மாதம் கழித்தும் எடுத்த முழங்கைப் படங்களை, யாருடையது, எந்தச் சிகிச்சை என்று சொல்லாமல் ஒரு தோல் மருத்துவரிடம் கொடுத்து மதிப்பெண் போடச் சொன்னால் போதும்.