ஐம்பது வயது அலுமினியத்தை நம்பிப் பறக்கலாமா?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அமெரிக்காவில் வேலை பார்க்கும் அவருடைய தம்பி அங்கே ஒரு கிளப்பில் சேர்ந்து, ஷ்வைட்சர் 1-26 என்ற சிறிய ஒற்றை இருக்கைக் கிளைடரை ஓட்டி வருகிறார். இப்போது அதைவிட மேலானதாக, முழுக்க உலோகத்தால் ஆன ஷ்வைட்சர் 1-34 ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கப் போகிறாராம். பெரம்பூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அவர்களுடைய அப்பாவோ, "இரும்புக்கே ஆயுசு உண்டு, ஐம்பது வருஷ அலுமினியத்தை நம்பி ஏறுறதா?" என்று கேட்கிறாராம். இதைவிடச் சரியான கேள்வியை ஒரு பொறியாளர்கூடக் கேட்டிருக்க முடியாது.

தம்பியின் ஆசைக்குக் காரணம் எளிது. கிளைடருக்கு எஞ்சின் கிடையாது. இழுவை விமானமோ, தரையில் நின்று கம்பியைச் சுருட்டி இழுக்கும் விஞ்சோ மேலே கொண்டுபோய் விட்ட பிறகு, அது உயரத்தைக் கொடுத்துத் தூரத்தை வாங்குகிறது. காற்று அசையாத நிலையில் ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து 1-26 சுமார் 23 கிலோமீட்டர் போகும். 15 மீட்டர் இறக்கை கொண்ட 1-34 சுமார் 34 கிலோமீட்டர் போகும். மேலே தூக்கிவிடும் அடுத்த வெப்பக் காற்றோட்டத்தைப் பிடிப்பதா, யாரோ ஒருவருடைய வயலில் இறங்குவதா என்பதை இந்த வித்தியாசம்தான் தீர்மானிக்கிறது. ஃபைபர் கிளாஸ் கிளைடர்கள் இன்னும் தூரம் போகும் என்றாலும் விலை அதிகம், அவற்றின் மேற்பூச்சு வெயிலில் வெடிக்கும். உலோகக் கிளைடரைத் திறந்த வெளியில் கட்டி நிறுத்தினாலும் பெரிய கேடில்லை. 1-34, சுவிட்சர்லாந்தின் பிலாட்டஸ் பி-4, செக் நாட்டின் எல்-33 போன்றவை நடுத்தர வருமானக்காரர்களின் கைக்கு எட்டுவது இதனால்தான்.

அப்பாவின் சந்தேகத்துக்கு வருவோம். ஒரு கம்பியை முன்னும் பின்னுமாக வளைத்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் பட்டென்று முறியும் என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். பொறியாளர்கள் இதை உலோகச் சோர்வு என்கிறார்கள். ஆனால் உள்ளே நடப்பது என்ன என்பதை நிதானமாகப் பார்த்தால், உலோகத்தைப் பற்றிய நம் எண்ணமே மாறிவிடும்.

வெளிப்பார்வைக்கு ஒரே தகடாகத் தெரியும் அலுமினியம், உண்மையில் மிகச் சிறிய படிக மணிகள் நெருங்கிச் சேர்ந்த பொருள். ஒவ்வொரு மணிக்குள்ளும் அணுக்கள் அடுக்கடுக்காக நிற்கின்றன. பறக்கும்போது இறக்கை மேல்நோக்கி வளைவதால், அதைத் தாங்கும் ஸ்பார் என்ற முதன்மை விட்டத்தின் அடிப்பக்கம் இழுபடுகிறது. அந்த இழுப்பு, உலோகத்தை ஒரே முறையில் முறிக்கத் தேவையான அளவில் பாதிகூட இராது. ஆனால் வட்டமான ஒரு துளையின் விளிம்பில் இழுப்பு சுமார் மூன்று மடங்காகக் குவிகிறது. தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணிகள் அடித்த ஸ்பாரிலோ துளைகளுக்குக் குறைவில்லை. அப்படிப்பட்ட விளிம்பில் இருக்கும் ஏதோ ஒரு மணியில், ஓர் அணு அடுக்கு இன்னோர் அடுக்கின் மேல் நழுவி, பரப்பில் மிக நுண்ணிய ஒரு படியை உண்டாக்குகிறது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதற்கு அடுத்ததுதான். புதிதாக வெளிப்பட்ட அலுமினியம், காற்றுப் பட்ட கணமே ஆக்சைடு படலத்தைப் போர்த்திக்கொள்கிறது. இறக்கை தளரும்போது நழுவிய அடுக்கு திரும்பி வருகிறது; ஆனால் படலம் குறுக்கே நிற்பதால் பழைய இடத்தில் பழையபடி ஒட்ட முடியாமல், பக்கத்துத் தளம் ஒன்றில் நழுவி நிற்கிறது. இப்படிப் பல்லாயிரம் முறை நடந்த பின், வழவழப்பாக இருந்த பரப்பில் மேடும் பள்ளமுமாகக் கோடுகள் எழுகின்றன. 1903-ஆம் ஆண்டிலேயே யூயிங், ஹம்ஃப்ரி என்ற இருவர் இரும்பில் இத்தகைய நழுவல் கோடுகள் தோன்றி விரிசலாக மாறுவதை நுண்ணோக்கியில் கண்டு பதிவு செய்தார்கள். அலுமினியத்தை வெற்றிடத்தில் வைத்துச் சோதித்தால், காற்றில் தாங்குவதைவிட அதிக முறை தாங்குகிறது. ஆக்சிஜனும் ஈரப்பதமும் இந்தச் சேதத்தில் கூட்டாளிகள் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

பள்ளம் விரிசலான பிறகு வேலை வேறு விதமாக நடக்கிறது. ஒவ்வொரு இழுப்பிலும் விரிசலின் முனை சற்றே திறந்து மழுங்குகிறது, புதிய பரப்பு பிறக்கிறது. தளரும்போது முனை மீண்டும் மூடிக் கூர்மையாகிறது. இப்படி ஒரு முறை இழுபட்டுத் தளர்வதுதான் ஒரு சுற்று; ஒரு சுற்றில் அது முன்னேறுவது பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனால் முன்னேறிய இடத்தில் ஒரு மெல்லிய வரி பதிந்துவிடுகிறது. முறிந்த துண்டை எலக்ட்ரான் நுண்ணோக்கியின் கீழ் வைத்து அந்த வரிகளை எண்ணினால், விரிசல் வளர எத்தனை சுற்றுகள் பிடித்தன என்று கணக்கிட முடியும். தன் மீது விழுந்த சுமைகளின் கணக்கை உலோகமே எழுதி வைத்துக்கொள்கிறது.

பெரம்பூருக்கு இந்தக் கதையில் நேரடி உறவு உண்டு. உலோகச் சோர்வை முதன்முதலில் முறையாக அளந்தவர் ஆகஸ்ட் வோலர் என்ற ஜெர்மானிய ரயில்வே பொறியாளர். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் அவர் ஆராய்ந்தது ரயில் அச்சுகளை. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போது அச்சின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு முறை இழுபட்டு ஒரு முறை அமுங்குகிறது. பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்.-இன் பெட்டியில் புதுச் சக்கரம் 915 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. சென்னையிலிருந்து டெல்லிக்குச் சுமார் 2,180 கிலோமீட்டர் என்றால், ஒரு வழிப் பயணத்திலேயே அச்சு ஏறத்தாழ ஏழரை லட்சம் முறை இந்த வளைவைத் தாங்குகிறது. எஃகுக்கு ஒரு நல்ல குணம் இருக்கிறது: சுமை ஒரு குறிப்பிட்ட வரம்புக்குக் கீழே இருந்தால், எத்தனை கோடி முறை வளைந்தாலும் அது பெரும்பாலும் சோர்வதில்லை. அலுமினியத்துக்கு அப்படித் தெளிவான வரம்பு கிடையாது. சுமை குறையக் குறைய ஆயுள் நீளுமே தவிர, முடிவில்லாததாக ஆகாது. அதனால்தான் அலுமினியத்தின் தாங்குதிறனைச் சொல்லும்போது "50 கோடிச் சுற்றுகளுக்கு இவ்வளவு" என்று எண்ணிக்கையையும் சேர்த்தே சொல்வது வழக்கம். பெரியவர் இரும்பை வைத்துச் சொன்னது, அலுமினியத்துக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்துகிறது.

அப்படியானால் தம்பி வாங்கவே கூடாதா? வாங்கலாம். ஆண்டுகளைப் பார்த்து அல்ல, சுற்றுகளைப் பார்த்து வாங்க வேண்டும். விரிசலின் வேகத்தைச் சொல்லும் பாரிஸ் விதிப்படி, இழுப்பின் ஏற்ற இறக்கம் இரண்டு மடங்கானால் அலுமினியத்தில் விரிசல் சுமார் எட்டு முதல் பதினாறு மடங்கு வேகமாக வளரும். ஆகவே ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒருவர் அமைதியாக ஓட்டிய ஐம்பது வருடக் கிளைடர், தினமும் விஞ்சில் ஏறிச் சாகசம் செய்த இருபது வருடக் கிளைடரைவிட இளமையாக இருக்கலாம். 2010 ஜூனில் ஆஸ்திரியாவில் எல்-13 பிளானிக் என்ற இரட்டை இருக்கை உலோகக் கிளைடர் ஒன்றின் இறக்கை நடுவானில் முறிந்து இருவர் இறந்தார்கள். ஸ்பாரில் உலோகச் சோர்வு என்று விசாரணையில் தெரிந்ததும், உலகமெங்கும் அந்த வகைக் கிளைடர்கள் தரையில் நிறுத்தப்பட்டன.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அந்த விதியைச் சொன்ன பால் பாரிஸின் கட்டுரையை முன்னணி ஆய்விதழ்கள் ஏற்க மறுத்து, 1961-இல் அது ஒரு பல்கலைக்கழக இதழில்தான் வெளிவந்தது. இன்று விமானங்களின் பரிசோதனைக் கால அட்டவணைகளுக்குப் பின்னால் அந்த விதி இருக்கிறது. ஓர் உலோகத் துண்டை மாதக் கணக்கில் இழுத்துத் தளர்த்திக்கொண்டே இருக்கும் ஆய்வு செய்தியில் வராது, ரிப்பன் வெட்டவும் தோதுப்படாது. ஆனால் ரயிலும் பாலமும் விமானமும் அதை நம்பித்தான் ஓடுகின்றன. நம் நாட்டில் அதற்கு இன்னும் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும். பழைய வண்டி வாங்கும்போது நம்பரின் கூட்டுத்தொகை ராசிக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கும் நம் பழக்கமும் ஒழிய வேண்டும். பார்க்க வேண்டிய எண்கள், பறந்த கணக்கும் பழுதுகளும் பதிவாகும் லாக் புக்கில் இருக்கின்றன.

தம்பி அந்த லாக் புக்கில் மொத்த மணி நேரத்தோடு நின்றுவிடாமல், எத்தனை முறை ஏற்றப்பட்டது, விஞ்சிலா இழுவை விமானத்திலா, முரட்டுத் தரையிறக்கமோ ஸ்பார் பழுதோ பதிவாகியிருக்கிறதா என்று தேட வேண்டும். பக்கங்கள் தொலைந்துவிட்டன என்று விற்பவர் சொன்னால், விலை எவ்வளவு குறைந்தாலும் திரும்பி வந்துவிடுவது நல்லது. அடுத்து, இறக்கையின் வேர்ப்பகுதியில் ரிவெட் வரிசையின் மேல் விரலை ஓட்டிப் பார்க்கட்டும். ஏதாவது ஒரு ரிவெட்டின் தலையைச் சுற்றிக் கறுப்பு மை பூசியது போல் கறை படிந்து, காற்றடிக்கும் திசையில் பின்னோக்கி இழுபட்டிருந்தால், அந்த ரிவெட் துளைக்குள் ஆடுகிறது என்று பொருள். உராய்ந்து பொடியான அலுமினியம்தான் அந்தக் கறுப்பு. துடைத்துவிட்டால் மறைந்துவிடும் என்பதால், கிளைடரைக் கழுவுவதற்கு முன்பே பார்ப்பது முக்கியம்.

மூன்றாவது, உப்பு. காசிமேட்டிலும் எண்ணூரிலும் கடலைப் பார்த்த வீடுகளின் அலுமினிய ஜன்னல்களில் வெண்பொடி பூத்துக் குழிகள் விழுந்திருப்பதை வாசகி பார்த்திருப்பார். கிளைடரின் உட்புறத்தில் அப்படி ஒரு குழி விழுந்தால், மேலே சொன்ன நழுவலுக்கெல்லாம் காத்திராமல் விரிசல் அங்கிருந்தே தொடங்கிவிடும். ஆகவே அந்தக் கிளைடர் கடலோரத்தில் இருந்ததா, உள்நாட்டில் இருந்ததா என்பதைக் கேட்டே ஆக வேண்டும். கண்ணுக்குத் தெரியாத விரிசலைச் சாயம் ஊடுருவும் சோதனையும் சுழல் மின்னோட்டச் சோதனையும் காட்டிக்கொடுக்கும். அதற்காகும் செலவை விலையோடு சேர்த்துக் கணக்குப் போட்டு, விற்பவருக்கு எந்த வகையிலும் வேண்டியவராக இல்லாத, உரிமம் பெற்ற ஒரு மெக்கானிக்கைக் கொண்டு ஸ்பாரைப் பார்த்த பிறகே முன்பணம் கொடுக்கச் சொல்லுங்கள்.