எதிரில் நிற்கும் வண்டி ஏன் உங்களுக்கு வருவதில்லை?

கேப் ஆப்களின் சர்வர் பக்கம் வேலை பார்ப்பவன் என்று தெரிந்ததும் சென்னையில் பலரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "எதிரிலேயே வண்டி நிற்குது, அதை விட்டுட்டு எங்கேயோ இருக்கிறதைக் கொடுக்குதே?"

குரோம்பேட்டையை எடுத்துக்கொள்வோம். வண்டி ஜி.எஸ்.டி. சாலையில், நீங்கள் ராதா நகரில். கூப்பிடு தூரம்தான், ஆனால் நடுவே தண்டவாளம். சுற்றித்தான் வர வேண்டும். அதனால் நேர்க்கோட்டுத் தூரம் எங்களுக்கு முதல் வடிகட்டலுக்கு மட்டுமே உதவும். ஊரைச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, உங்கள் கட்டத்திலும் அக்கம்பக்கத்திலும் இருக்கும் வண்டிகளை எடுப்போம். (ஊபர் இதற்கு அறுகோணக் கட்டங்களை வைத்திருக்கிறது. எச்3 என்ற அந்த மென்பொருளை 2018-இல் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள்.) அப்புறம்தான் ஒருவழிப் பாதை, யூ-டர்ன், நெரிசல் எல்லாம் பார்த்து ஒவ்வொரு வண்டிக்கும் வரும் நேரத்தைக் கணக்கிடுவது. அதே நேரத்தில் பக்கத்துத் தெருவில் இன்னும் நாலு பேர் புக் செய்திருப்பார்கள். கிட்டத்தில் இருப்பதை உங்களுக்கே கொடுத்தால் இன்னொருவருக்கு வண்டியே இல்லாமல் போகலாம். அதனால் சில நொடிகள் பொறுத்து, எல்லோரையும் சேர்த்து வைத்துப் பிரித்துக் கொடுப்பதும் உண்டு.

இதெல்லாம் கணக்கு, போட்டுவிடலாம். உண்மையான தலைவலி ஜிபிஎஸ். திறந்தவெளியில் போன் சுமார் 5 மீட்டருக்குள் இடத்தைச் சொல்லிவிடும். உயரமான கட்டடங்களுக்கு நடுவே சிக்னல் சுவரில் பட்டுத் திரும்பி, பக்கத்துத் தெருவைக் காட்டும். கத்திப்பாராவில் இன்னும் மோசம். வண்டி பாலத்தின் மேலே போனாலும் கீழே போனாலும் மேப்பில் ஏறக்குறைய ஒரே புள்ளி. எனவே ஒரு புள்ளியை நம்பாமல் முந்தைய புள்ளிகளையும் கோத்து, எந்தச் சாலையில் வந்திருந்தால் இப்படி விழும் என்று ஊகிக்கிறோம். ஊகம் தப்பினால் கார் திடீரென்று சர்வீஸ் ரோட்டுக்குத் தாவும். திரையில் அது வழுக்கிக்கொண்டு வருவதையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். டிரைவரின் போன் சில நொடிக்கு ஒருமுறைதான் இடத்தை அனுப்பும், நடுவில் இருப்பது ஆப் வரைந்து காட்டும் அசைவு.

சரி, நீங்கள் செய்யக்கூடியது? மால் பேஸ்மென்ட்டில் இருந்து புக் செய்யாதீர்கள், வெளியே வந்து செய்யுங்கள். மேப்பில் நீங்கள் ஏறும் இடத்தைக் காட்டும் குறியை, அதாவது 'பின்'னை (pin), நீங்களே நகர்த்தி, நிற்கும் பக்கத்தில் வையுங்கள். எழும்பூர் ஸ்டேஷன் என்று மட்டும் போட்டால் காந்தி இர்வின் சாலை வாசலா, பூந்தமல்லி நெடுஞ்சாலை வாசலா என்று சர்வருக்குத் தெரியாது. "எங்க சார் நிக்கிறீங்க?" என்று டிரைவர் போன் செய்தால் எரிச்சல்படாமல் வாசலைச் சொல்லிவிடுங்கள். அந்த 'பின்'னை முழுசாக நம்பக் கூடாது என்று அவருக்கு எங்களுக்கு முன்பே தெரியும்.