பத்தாம் எண் பைட்டும் பாழாகும் படமும்

எழுத்து மட்டும் உள்ள பக்கம் சுத்தமாக வருகிறது. படம் உள்ள பக்கமோ பட்டை பட்டையாக விலகி, நடுநடுவே புரியாத எழுத்துகளோடு வருகிறது. உடனே பலரும் டோனரையும் கேபிளையும் மாற்றிப் பார்க்கிறார்கள். கணினியிலிருந்து வரும் தரவை வாங்கி பிரிண்டருக்கு அனுப்பும் பிரிண்ட் சர்வரை முதலில் சோதித்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

சிக்கல் வரி முடிவில் இருக்கிறது. யூனிக்ஸ் இயங்குதளத்தில் வரி முடிந்தது என்று சொல்ல 10 என்ற மதிப்புள்ள ஒரே பைட் போதும். பல பிரிண்டர்களோ அதைக் கண்டால் ஒரு வரி கீழே இறங்குவதோடு சரி; இடது ஓரத்துக்குத் திரும்ப 13 என்ற பைட்டும் வர வேண்டும். வராவிட்டால் வரிகள் படிக்கட்டு போல இறங்கும். இதற்காகவே யூனிக்ஸின் சீரியல் போர்ட், ஒவ்வொரு 10-க்கு முன்பும் ஒரு 13-ஐச் சேர்க்கும் வசதியை வைத்திருக்கிறது. விண்டோஸில் சி மொழி நிரல் கோப்பை டெக்ஸ்ட் முறையில் திறந்து எழுதினாலும் இதேதான் நடக்கும்.

சர்வர் இந்தத் திருத்தத்தைப் படத்துக்கும் செய்துவிட்டால்தான் சிக்கல். படத்தில் வரும் 10 என்ற பைட், வரி முடிவே அல்ல, வெறும் புள்ளிகள். ஹெச்பியின் பிசிஎல் என்ற பிரிண்டர் மொழியில், கணினியில் உள்ள பிரிண்டர் மென்பொருளான டிரைவர், 'அடுத்த 300 பைட்டும் படம்' என்பதுபோல எண்ணிக்கை சொல்லிவிட்டுத்தான் ஒவ்வொரு வரிசையையும் அனுப்புகிறது. இடையில் ஒரு 13 நுழைந்தால், சுருக்கப்படாத கறுப்பு வெள்ளைப் படத்தில் அங்கிருந்து எல்லாம் ஒரு பைட், அதாவது 8 புள்ளி வலப்பக்கம் தள்ளிப்போகும். 300 எண்ணி முடித்ததும் மிஞ்சி நிற்கும் கடைசி பைட்டை பிரிண்டர் எழுத்தாக எடுத்துக்கொள்ளும். அந்தப் புரியாத எழுத்துகள் இப்படி வந்தவைதான். சுருக்கிய படமென்றால் சேதம் இன்னும் அதிகம்.

இதை ஊகிக்க வேண்டாம், எண்ணியே பார்த்துவிடலாம். டிரைவரில் கோப்பாக அச்சிடச் சொல்லி ஒரு நகல் எடுங்கள். அப்புறம் அதே கோப்பை சர்வர் வழியாக அனுப்பி, பிரிண்டருக்குப் பதில் வேறொரு கணினியில், பிரிண்டர்கள் தரவை வாங்கும் 9100 என்ற நெட்வொர்க் போர்ட்டில் வாங்கி இன்னொரு நகல் எடுங்கள். இரண்டாவது நகலில் கூடியிருக்கும் பைட்டுகள், முதல் நகலில் உள்ள 10-களின் எண்ணிக்கைக்குச் சமமா? அப்படியானால் குற்றவாளி சர்வர்தான். கோப்பு கூடாமல் பாதியில் நின்றிருந்தால், முதல் நகலில் அந்த இடத்தில் 26 என்ற பைட் இருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸில் டெக்ஸ்ட் முறையில் படிக்கும் நிரல், 26-ஐக் கண்டால் கோப்பு முடிந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளும்.

நிரல் உங்கள் கையில் இருந்தால் கோப்பை, பைட்டுகளைத் திருத்தாத பைனரி முறையில் திறக்க வேண்டும். இல்லையென்றால் சர்வரில் அந்தப் பிரிண்டருக்கான அச்சு வரிசையை (queue) 'ரா' (raw), அதாவது தரவைத் திருத்தாமல் அனுப்பும் முறைக்கு மாற்றுங்கள்.

பிஎன்ஜி படக் கோப்பை வடிவமைத்தவர்கள் இந்த ஆபத்தை முன்பே யோசித்திருந்தார்கள். அதன் முதல் 8 பைட்டுகளில் 13, 10, 26, 10 என்று வேண்டுமென்றே வைத்தார்கள். வழியில் யாராவது வரி முடிவைத் திருத்தினால் இந்த நான்கும் முதலில் கெடும், படிக்கும் நிரல் அங்கேயே நின்றுவிடும். அச்சுத் தரவுக்கும் இப்படி ஒரு காவல் இருந்திருந்தால் எத்தனையோ காகிதம் மிஞ்சியிருக்கும்.