பத்துக் 'கற்பனை' எப்படிப் பத்துக் கட்டளை ஆயிற்று?

அரியாங்குப்பத்தில் இருக்கும் எங்கள் ஆயா கையில் இன்னும் அட்டை பிய்ந்த பழைய செபப் புத்தகம்தான். போன தவக்காலத்தில் (ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலம்) அவர் சத்தமாக "வேத கற்பனைகள் பத்து" என்று, அதாவது கடவுள் கொடுத்த பத்துக் கட்டளைகளைப் பழைய பெயரில் ஆரம்பிக்க, மூன்றாவது படிக்கும் என் மகள் "அப்போ இதெல்லாம் நிஜம் இல்லையா?" என்று கேட்டுவிட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, பள்ளிக்கூடத்தில் கற்பனை என்றால் இல்லாததை நினைத்துப் பார்ப்பது.

கற்பனை, வடமொழி 'கல்பனா'. வேரில் வகுத்தல், ஒழுங்குபடுத்தல் என்று பொருள். ஒன்றை மனசுக்குள் வகுத்தால் கவிஞரின் கற்பனை, இப்படி நட என்று அடுத்தவருக்கு வகுத்துக் கொடுத்தால் விதி. கத்தோலிக்கர் மட்டும் இப்படி எழுதவில்லை, சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) சபைகளின் பழைய வேதாகமத்திலும் யோவான் 14:15 "என் கற்பனைகளைக் கைக்கொள்ளுங்கள்" என்றுதான் இருக்கிறது. இரு தரப்பாரும் சேர்ந்து செய்து 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் அதே வசனம் "என் கட்டளைகளைக் கடைப்பிடிப்பீர்கள்." (எபிரேய மூலத்தில் இவை வெறும் 'பத்துச் சொற்கள்', யாத்திராகமம் 34:28.)

சரி, கட்டளை? அதிகாரி போடும் உத்தரவு என்று மட்டும் நினைத்தால் பாதிதான் பிடிபடும். செங்கல் அறுக்கிற அச்சுக்கும் கட்டளை என்று பெயர் உண்டு, பொன்னை உரசிப் பார்ப்பது கட்டளைக்கல், குறள் 505-இல் "தத்தம் கருமமே கட்டளைக் கல்" என்று வருகிறதே அதுதான். மண் அச்சுக்குள் அடங்கி வடிவம் பெறுகிற மாதிரி ஆள் உருவாவது, அன்றாடம் உரசிப் பார்ப்பது, இரண்டும் அந்த ஒரே சொல்லில் இருப்பதால் எனக்குக் கற்பனையைவிட இதுதான் பொருத்தமாகப் படுகிறது.

எண்ணிக்கையில் ஒரு குழப்பம் வரும். தாய் தந்தையை மதிப்பது கத்தோலிக்கரான நமக்கு நாலாவது, கடலூரில் இருக்கும் என் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) நண்பருக்கு ஐந்தாவது. நாம் பழங்காலத் திருச்சபை அறிஞரான புனித அகுஸ்தீனார் வழியில் எண்ணுகிறோம், லுத்தரன்காரர்களும் அப்படியே.

கீழ்ப்படிதல் என்ற சொல்லை ஆயா வாயில் நான் கேட்டதே இல்லை. "சாமி சொன்னதைக் கேளு" என்பார், அவ்வளவுதான். லத்தீனில் 'ஒபேதீரே' என்ற சொல்லுக்குள்ளும் 'அவுதீரே', அதாவது காதால் கேட்பது, ஒளிந்திருக்கிறது. கேட்பதையும் அதன்படி நடப்பதையும் 'கேள்' என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம் நாம், லத்தீன் படிக்காமலே. தவக்கால வெள்ளிகளில் அவருக்குச் சுத்தபோசனம். கறி கிடையாது, மீன் ஆகும், ஆனால் வஞ்சிரம் வறுத்தால் முறைப்பார், "இது சுத்தபோசனமா, கல்யாண விருந்தா?" என்று.

மகளுக்கு இதையெல்லாம் விளக்கி முடித்தேன். ஆயா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நாலாம் கற்பனை என்ன, சொல்லு?" என்றார்.

"பிதாவையும் மாதாவையும் சங்கித்திருப்பாயாக." அவருக்காகப் பழைய பாடத்திலேயே சொன்னாள்.

"சங்கிக்கிறதுன்னா மதிக்கிறது. போய் ஒரு சொம்பு தண்ணி கொண்டா."