சொல் விளக்கம்: மனித வணிகம்

‘ஆள் கடத்தல்’ என்றதும் வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் மக்கள் மனசில் வருவது வேன், வாயில் துணி, மயக்க மருந்து. கிராம சபையில் இதைப் பற்றிப் பேச எழுந்தால், “நம்ம ஊர்ல யாரையும் அப்படித் தூக்கிட்டுப் போறதில்லையே” என்பார்கள். அது உண்மைதான். மேஸ்திரி வீடு தேடி வருகிறார், முன்பணம் கொடுக்கிறார், குடும்பமே பாத்திரம் பண்டம் மூட்டை கட்டிக்கொண்டு செங்கல் சூளைக்குப் பஸ் ஏறுகிறது. சென்னைக்கு வீட்டு வேலைக்குப் போகும் பெண்பிள்ளையும் தெரிந்த அக்கா ஒருத்தியின் துணையோடு காட்பாடியில் ரயில் ஏறுகிறாள். குற்றம் அங்கேயே தொடங்கியிருக்கலாம். ஆனால் நாம் வைத்திருக்கும் சொல்லில் அது தெரிவதில்லை.

ஆங்கிலத்தில் இதை ‘டிராஃபிக்கிங்’ என்கிறார்கள். ‘டிராஃபிக்’ என்ற சொல் 16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. அன்றைக்கு அதற்கு வணிகம், கொடுக்கல் வாங்கல் என்றுதான் பொருள். சாலை நெரிசல் என்ற பொருள் பிற்பாடு சேர்ந்தது.

தமிழில் இதற்குக் ‘கடத்தல்’ என்று வைத்துக்கொண்டோம். ‘கட’ என்பதன் பிறவினை ‘கடத்து’: எல்லையைத் தாண்ட வைப்பது. தங்கத்துக்கும் செம்மரக்கட்டைக்கும் இது பொருந்தும். ஆனால் குழந்தையைத் தூக்கிச் செல்வதற்கும் இதே சொல்லைச் சொல்கிறோம், குழப்பம் அங்கேதான். சட்டத்தில் இரண்டும் வேறு வேறு. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 137ஆம் பிரிவு ஆளைத் தூக்கிச் செல்வது பற்றியது. 143ஆம் பிரிவு, சுரண்டுவதற்காக ஒருவரைத் திரட்டுவது, கொண்டுபோவது, தங்கவைப்பது, கைமாற்றுவது, பெற்றுக்கொள்வது பற்றியது. அதற்கு ஆறு வழிகளைச் சட்டம் சொல்கிறது: மிரட்டல், பலவந்தம், கடத்தல், ஏமாற்று, அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்துவது, பணமோ வேறு ஆதாயமோ காட்டி இணங்க வைப்பது. ஆறில் ஒன்றுதான் கடத்தல். பாதிக்கப்பட்டவர் சம்மதித்துப் போனார் என்பதும் செல்லாது. அதே பிரிவு அதைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறது.

அதனால் சரியான தமிழ் ‘மனித வணிகம்’ என்பேன். ‘ஆள் வணிகம்’ என்றாலும் சரி. புதிதாகக் கட்டிய சொல்லோ என்று தோன்றலாம். ஆனால் சோழர் காலத்திலேயே மனிதரை விற்றதற்கு ‘ஆள்விலைப் பிரமாணம்’ என்று ஆவணம் எழுதியிருக்கிறார்கள். தேவாரம் பாடிய சுந்தரரைத் தன் அடிமை என்று சொல்லித் திருவெண்ணெய்நல்லூர் வரை இழுத்துப்போன கிழவர் (சிவபெருமான்தான்) கையில் இருந்ததும் ஆளோலைதான், அதாவது அடிமைப் பத்திரம். பாட்டன் எழுதிக்கொடுத்தது பேரனையும் கட்டும் என்பது அந்த வழக்கு. பக்திக் கதையாகவே அதைக் கேட்டு வளர்ந்தோம். ஆளை எழுதிக்கொடுக்கும் வழக்கம் ஊரில் இருந்ததால்தான் கேட்டவர்களுக்கு அந்தக் கதை விளங்கியிருக்கும்.

வேலூரை உள்ளடக்கிய பழைய வட ஆற்காடு மாவட்டத்துக்கு இது தூரத்துச் சங்கதியும் இல்லை. 1903 முதல் 1916 வரை ஒப்பந்தக் கூலிகளாக ஃபிஜிக்குக் கப்பலேறிய தென்னிந்தியர்களில் இந்த மாவட்டத்துக்காரர்கள் மிக அதிகம்.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய சொல் ‘கொத்தடிமை’. கொத்து என்றால் குலை. குடும்பமும் அதைச் சேர்ந்தவர்களும் என்றும் பொருள் உண்டு. குடும்பத்தோடு அடிமைப்பட்டுக் கிடப்பது கொத்தடிமை. சூளையில் இன்றும் அப்படித்தான். புருஷன் மண் குழைக்க, பெண்சாதி கல் அறுக்க, பிள்ளைகள் காய்ந்த கல்லைத் திருப்பிப் போடுகிறார்கள். மேஸ்திரியின் நோட்டில் மட்டும் ஒரே பெயர். முதல் வரியில் முன்பணம், அதற்குக் கீழே வாரா வாரம் வாங்கிய செலவுக் காசு, ஆஸ்பத்திரிக்கு வாங்கியது, திருவிழாவுக்கு வாங்கியது. சீசன் முடிந்து கணக்குப் பார்த்தால் ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று வந்த கூலியெல்லாம் கழிந்துபோய், பாக்கி நிற்கும். அடுத்த வருஷமும் வா என்பார்கள். 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேர் மீட்கப்பட்டபோது, ஒரு முதியவர் அதிகாரிகளின் காலில் விழுந்து கிடந்த படம் பத்திரிகைகளில் வந்தது. பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அரசியல் சட்டத்தின் 23ஆம் பிரிவு மனித வணிகத்தையும் கட்டாய உழைப்பையும் சேர்த்தே தடை செய்கிறது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்கினால் அதுவும் கட்டாய உழைப்புதான் என்று 1982இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1976ஆம் ஆண்டு கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின்படி அந்த முன்பணக் கடனும் செல்லாது. திருப்பிக் கேட்கும் உரிமை யாருக்கும் இல்லை.

மனு எழுதிக் கொடுப்பவர்களிடம் இதனால்தான் மன்றாடிக் கேட்கிறேன். ‘ஆள் கடத்தல்’ என்று மட்டும் எழுதினால், “தானாத்தானே போயிருக்காங்க, யார் கடத்தினது?” என்ற கேள்வியிலேயே மனு நின்றுவிடும். ‘சம்பள பாக்கி’ என்று எழுதினால் வெறும் கூலித் தகராறாகிவிடும். ‘மனித வணிகம், கொத்தடிமை’ என்று எழுதுங்கள். முன்பணம் எவ்வளவு, யார் கொடுத்தது, வெளியே விடுகிறார்களா, ஊருக்குப் போக விடுகிறார்களா என்பதை அடுத்த வரிகளிலேயே போடுங்கள். மனு மாவட்ட ஆட்சியருக்கோ கோட்டாட்சியருக்கோ போகட்டும். விடுதலைச் சான்றிதழை அவர்களிடம் கேட்டு வாங்க வேண்டும், உடனடி உதவித்தொகையான 30,000 ரூபாய் வரையிலான பணத்தையும் அப்போதே கேளுங்கள். குழந்தை சம்பந்தப்பட்டிருந்தால் மனு வரைக்கும் காத்திருக்க வேண்டாம், குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் செய்யுங்கள்.